மறப்பதற்காக ஒரு மனப்பாடம்

அமெரிக்க அதிபர் மேடையில் பேசும்போது இருபுறமும் இரண்டு கண்ணாடித் தகடுகள் நிற்பதைக் கவனித்திருப்பீர்கள். செய்தி வாசிப்பவர் தாளைப் பார்க்காமல் நம் கண்ணைப் பார்த்தே படிப்பதும் அதே வகைக் கருவியின் உதவியால்தான். டெலிப்ராம்ப்டர் எனப்படும் அந்தக் கருவி அரசியல்வாதிக்காகவோ செய்தியாளருக்காகவோ பிறக்கவில்லை. 1950 டிசம்பரில் சிபிஎஸ் தொலைக்காட்சி பகல் நேரத்தில் ஒளிபரப்பத் தொடங்கிய 'தி ஃபர்ஸ்ட் ஹண்ட்ரட் இயர்ஸ்' என்ற குடும்ப சீரியலில்தான் அது முதன்முதலாக வேலைக்கு வந்தது. ஃப்ரெட் பார்ட்டன் என்ற மேடை நடிகருக்குத் தோன்றிய யோசனை அது. இர்விங் கானும் ஹ்யூபர்ட் ஷ்லாஃப்லி என்ற பொறியாளரும் அவருடன் சேர்ந்து உருக்கொடுத்தார்கள். ஒரு பெட்டி, உள்ளே காகிதச் சுருள், சுருளைச் சுற்ற ஒரு மோட்டார், அவ்வளவுதான். முன்னாள் அதிபர் ஹெர்பர்ட் ஹூவர் குடியரசுக் கட்சி மாநாட்டில் அதைப் பார்த்துப் பேசியது 1952இல். அதற்குள் சீரியல் நடிகர்கள் அதற்குப் பழகிவிட்டார்கள்.

இப்படியொரு கருவி அவர்களுக்கு முதலில் தேவைப்பட்டதற்குக் காரணம் உண்டு. மேடை நடிகர் ஒரு நாடகத்தை வாரக்கணக்கில் ஒத்திகை பார்த்து, பிறகு நூறு இரவுகள் அதையே பேசுவார். சினிமா நடிகர் ஒரு நாளில் இரண்டு மூன்று பக்க வசனத்தைத் தாண்டினால் பெரிய விஷயம். பிழைத்தால் இன்னொரு டேக். பகல் சீரியல் நடிகருக்கோ நாள்தோறும் புது வசனம். அதுவும் அன்றைக்கு நேரலை. இன்று பேசியதை நாளை பேசப்போவதில்லை. ஆயுளில் இன்னொரு முறை பேசப்போவதில்லை. ஆகவே அவர் ராத்திரி உட்கார்ந்து மனப்பாடம் செய்வது மறுநாள் சாயங்காலத்துக்குள் மறப்பதற்காக. மனித நினைவை இப்படித் தினமும் நிரப்பித் தினமும் கொட்டும் தொழில் வேறு அதிகம் இல்லை.

தொழிலின் பூர்விகத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1930இல் சிகாகோவின் டபிள்யூஜிஎன் வானொலியில் 'பெயின்டட் ட்ரீம்ஸ்' என்ற தொடரை இர்னா ஃபிலிப்ஸ் எழுதி நடித்தார். முன்பு ஆசிரியையாக இருந்தவர். பாத்திரங்களின் குரலில் தானே மாறி மாறிப் பேசிக்காட்டுவார், உதவியாளர் எழுதிக்கொள்வார். வீட்டு வேலைக்கு நடுவே வானொலி கேட்கும் பெண்களிடம் சோப்பு விற்க வழி தேடிய ப்ராக்டர் அண்ட் கேம்பிள் போன்ற கம்பெனிகள் காசு போட்டன. அதனால்தான் அந்தத் தொடர்களுக்கு 'சோப் ஓபரா' என்று கேலிப்பெயர் வந்தது. ஃபிலிப்ஸின் 'கைடிங் லைட்' 1937இல் வானொலியில் தொடங்கி, 1952இல் தொலைக்காட்சிக்கு மாறி, 2009 செப்டம்பரில்தான் முடிந்தது. எழுபத்திரண்டு ஆண்டுகள் ஒரே கதை. 1952 முதல் நான்கு ஆண்டுகள் அது வானொலி, தொலைக்காட்சி இரண்டிலும் ஓடியது. நடிகர்கள் கதையை வானொலிக்கு ஒரு முறை, கேமராவுக்கு ஒரு முறை என்று நடித்தார்கள்.

நேரலை என்றால் எவ்வளவு நேரலை என்பதற்கு 1963 நவம்பர் 22 சாட்சி. சிபிஎஸ்ஸில் 'ஆஸ் தி வேர்ல்ட் டர்ன்ஸ்' போய்க்கொண்டிருந்தது. ஹெலன் வாக்னர் நடித்த நான்சி ஹியூஸ் தன் மாமனாரோடு பேசிக்கொண்டிருந்த காட்சியில் திரை மாறி, அதிபர் கென்னடி சுடப்பட்டார் என்ற செய்தியாளர் வால்ட்டர் க்ரான்கைட்டின் குரல் கேட்டது. குரல் மட்டும்தான், அந்தக் காலத்துக் குழாய்க் கேமரா சூடேறிப் படம் தர இருபது நிமிடம் ஆகும் என்பதால் முகத்தைக் காட்ட முடியவில்லை. இதற்கிடையே படப்பிடிப்பு அரங்கில் யாருக்கும் எதுவும் தெரியாது. நடிகர்கள் தங்கள் வசனத்தைப் பேசிக்கொண்டே இருந்தார்கள். அந்தத் தொடர் 1975 வரை நேரலையாகவே ஓடியது.

இப்போது நேரலை கிடையாது, ஆனால் சுமை கூடியிருக்கிறது. ஒரு மணி நேர எபிசோடுக்குத் திரைக்கதை எழுபது, எண்பது பக்கம் வரும். செலவைக் குறைக்க ஒரே நாளில் ஒன்றுக்கு மேற்பட்ட எபிசோடின் காட்சிகளை எடுத்துவிடுகிறார்கள். கதை தன் பாத்திரத்தைச் சுற்றிப் போகும் நாட்களில் ஒரு நடிகருக்கு முப்பது, நாற்பது பக்கம் கூட விழும். காலையில் எங்கே நிற்பது, எந்த வார்த்தையில் திரும்புவது, எந்தக் கேமராவுக்கு முகம் காட்டுவது என்று வேகமாக ஒரு நடை நடந்து பார்ப்பார்கள். பிறகு மேக்கப், பிறகு டேக். பெரும்பாலும் ஒரே டேக். சிறு தடுமாற்றமெல்லாம் அப்படியே ஒளிபரப்பாகிவிடும். ஒரு செட்டைப் போட்டால் அந்த வீட்டில் நடக்கும் காட்சிகளையெல்லாம் எடுத்துவிட்டுத்தான் பிரிப்பார்கள் என்பதால் வரிசையும் கலைந்திருக்கும்: காலை பத்து மணிக்குக் கணவனைப் புதைத்து அழுதவர் பதினொரு மணிக்கு அவனோடு காபி குடிப்பார்.

நம் ஊர் சீரியல் செட்டில் வசனத்தைக் கேமராவுக்குப் பின்னாலிருந்து ஒருவர் படித்துக் கொடுப்பதும், பிறகு வேறொருவர் டப்பிங் பேசுவதும் சகஜம். அந்த வசதி அமெரிக்க சீரியலில் இல்லை. குரலும் முகமும் ஒரே நேரத்தில் பதிவாகின்றன. அப்படியானால் இவ்வளவு வசனமும் மண்டைக்குள் எப்படிப் போகிறது?

இதைத் தேடிப்போனவர்கள் ஒரு தம்பதி. ஹெல்கா நோய்ஸ் அறிதல் உளவியலாளர், அவர் கணவர் டோனி நோய்ஸ் நடிகர், இயக்குநர். சோப் ஓபரா பிறந்த சிகாகோவுக்குப் பக்கத்திலேயே, எல்ம்ஹர்ஸ்ட் கல்லூரியில் இருந்தவர்கள். நடிகர்களின் நினைவைப் பற்றி ஆண்டுக்கணக்கில் சோதனைகள் செய்தார்கள். அவர்கள் ஆராய்ந்தது பொதுவாக மேடை நடிகர்களைத்தான், ஆனால் முடிவுகள் சீரியல்காரர்களுக்கு இன்னும் கச்சிதமாகப் பொருந்துவதாக எனக்குப் படுகிறது. முதல் ஆச்சரியம், தேர்ந்த நடிகர்கள் மனப்பாடமே செய்வதில்லை என்பது. பள்ளிப் பிள்ளை செய்யுளை உருப்போடுவது போல அவர்கள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்ப்பதில்லை. ஒவ்வொரு வரியிலும் ஒரு கேள்வியைப் போட்டுக்கொள்கிறார்கள்: இந்தப் பெண் இதை ஏன் இப்போது சொல்கிறாள்? எதிரில் இருப்பவனை அடக்கவா, சமாதானப்படுத்தவா, பேச்சை மாற்றவா? பல பக்கக் காட்சி இப்படிச் சில நோக்கங்களாக உடைந்துவிடும். நோக்கம் பிடிபட்டால் சொற்கள் அதைத் தொடர்ந்து வரும். மிச்சம் சில சொற்களை மட்டும் தனியாகச் சரிபார்த்தால் போதும்.

நடிப்பே தெரியாத மாணவர்களை வைத்தும் நோய்ஸ் தம்பதி இதைச் சோதித்தார்கள். ஒரு குழுவிடம் வசனத்தை மனப்பாடம் செய்யச் சொன்னார்கள். இன்னொரு குழுவிடம் மனப்பாடத்தைப் பற்றிக் கவலைப்படாமல், அந்தச் சொற்களை எதிரில் இருப்பவரிடம் உண்மையாகவே சொல்ல முயலுங்கள் என்றார்கள். மனப்பாடம் செய்யாத குழுவுக்குத்தான் அதிகம் நினைவில் நின்றது. இன்னொரு கண்டுபிடிப்பும் உண்டு. நடந்துகொண்டோ, எழுந்துகொண்டோ, ஒரு பொருளை எடுத்துக்கொண்டோ பேசிய வரிகள், சும்மா நின்று பேசிய வரிகளைவிட நெடுநாள் தங்கின. மாதங்கள் கழித்து, உடம்பை அசைக்காமல் உட்கார்ந்தபடி நினைவுகூரச் சொன்னபோதும் அந்த வித்தியாசம் இருந்தது. சோப் ஓபராவில் எந்தப் பாத்திரமும் வசனத்தின் நடுவே காரணமில்லாமல் ஜன்னல் பக்கம் போய் நின்று முதுகைக் காட்டிப் பேசுவதை நாம் கிண்டல் செய்திருக்கிறோம். இரண்டு முகமும் ஒரே சட்டகத்தில் தெரிவதற்காக இயக்குநர்கள் கண்டுபிடித்த நிலை அது. ஜன்னலுக்குப் போகும் அந்த ஆறு அடி, நடிகருக்கு அடுத்த வரியையும் எடுத்துக் கொடுக்கலாம்.

பாத்திரத்தின் பழமையும் ஒரு சொத்து. 1973இல் வில்லியம் சேஸ், ஹெர்பர்ட் சைமன் இருவரும் வெளியிட்ட சதுரங்க ஆய்வு பிரபலமானது. ஆட்டத்தின் நடுவிலுள்ள பலகையை ஐந்து விநாடி காட்டினால் வல்லவர்கள் பெரும்பாலான காய்களை அதனதன் இடத்தில் திருப்பி அடுக்கினார்கள். காய்களைக் கண்டபடி கலைத்து வைத்துக் காட்டியபோது வல்லவருக்கும் கற்றுக்குட்டிக்கும் பெரிய வேறுபாடு இல்லை. நினைவாற்றல் தனியாக வளர்வதில்லை, பழகிய பொருளோடு சேர்ந்தே வளர்கிறது. எரிக் ப்ரேடன் 'தி யங் அண்ட் தி ரெஸ்ட்லெஸ்' தொடரில் விக்டர் நியூமன் என்ற கோடீஸ்வரராக 1980 முதல் நடிக்கிறார். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஒரே ஆளாக இருந்தவருக்கு, அந்த ஆள் ஒரு துரோகத்தைக் கேள்விப்பட்டால் எப்படிப் பேசுவான் என்பது தாளைப் படிக்கும் முன்பே பாதி தெரிந்திருக்கும். புதிதாக வந்த இருபது வயதுக்காரருக்கு அதே பக்கம் கலைத்து வைத்த பலகை.

ஆனால் இதே பழமை பொறியாகவும் மாறும். பகல் சீரியல் எழுதுபவர்கள், நேற்று பார்க்காதவர்களுக்காக நேற்றைய கதையை இன்றும் யார் வாயிலாவது சொல்ல வைப்பார்கள். 'உன் தம்பி உயிரோடிருப்பது அவளுக்குத் தெரியுமா' என்ற செய்தி ஒரு வாரத்தில் நான்கு பேரிடம் நான்கு விதமாகப் பேசப்படும். ஒன்றையொன்று ஒத்த நினைவுகள் மோதிக்கொள்ளும் என்பது உளவியலின் பழைய பாடம். நேற்றைய வரி இன்றைய வரியின் வாசலில் வந்து நிற்கும். ஆகவே இந்தத் தொழிலில் மறதி ஒரு குறையாகாது. காட்சி முடிந்ததும் வசனம் போய்விடுகிறது என்று சீரியல் நடிகர்கள் சொல்வது அலட்சியம் மாதிரி ஒலிக்கும். உண்மையில் நாளைய பக்கங்களுக்கு அதுதான் இடம் விடுகிறது.

நடிக்கும்போது 'நான்' எங்கே போகிறது என்ற கேள்வியையும் யாரோ கேட்டிருக்கிறார்கள். கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஸ்டீவன் பிரவுன் குழு, ரோமியோ, ஜூலியட் வேடங்களுக்குப் பயின்ற நடிகர்களை எம்ஆர்ஐ கருவிக்குள் படுக்க வைத்துக் கேள்விகள் கேட்டது. தாங்களாக ஒரு முறை, பாத்திரமாக ஒரு முறை பதில் சொல்ல வேண்டும். பாத்திரமாகப் பதில் சொன்னபோது, தன்னைப் பற்றிய எண்ணங்களோடு தொடர்புள்ள மூளையின் முன்பகுதிகளில் செயல்பாடு தணிந்தது. வேடிக்கை என்னவென்றால், தாங்களாகவே இருந்துகொண்டு வெறுமனே பிரிட்டிஷ் உச்சரிப்பில் பேசச் சொன்னபோதும் கொஞ்சம் தணிந்ததாம். 2019இல் வெளியான ஆய்வு, பதினைந்து பேரை வைத்துச் செய்தது, ஆகவே இதை வைத்துப் பெரிய கோட்டை கட்டக்கூடாது. ஒரு மணி நேரம் ரோமியோவாக இருப்பது வேறு, அரை நூற்றாண்டு நான்சி ஹியூஸாக இருப்பது வேறு.

நடிகர் மறந்துவிடுகிறார். பார்ப்பவர் மறப்பதில்லை. 'ஆஸ் தி வேர்ல்ட் டர்ன்ஸ்' தொடங்கிய அதே 1956இல் டொனால்ட் ஹார்ட்டன், ரிச்சர்ட் வோல் என்ற இருவர் ஒரு கட்டுரை எழுதினார்கள். வானொலியிலும் தொலைக்காட்சியிலும் தினமும் நம்மோடு பேசும் ஒருவரோடு நமக்கு ஒருதலைப் பழக்கம் உண்டாகிறது, அது நட்பின் எல்லா உணர்வையும் தருகிறது, எதிர்ப்பக்கத்துக்கு மட்டும் நம்மைத் தெரியாது என்றார்கள். அவர்கள் பெரிதும் மனதில் வைத்திருந்தது நிகழ்ச்சித் தொகுப்பாளர்களை. பிற்காலத்தவர் அதைச் சீரியல் பாத்திரங்களுக்கும் நீட்டினார்கள். தினமும் பகல் ஒன்றரை மணிக்கு, சொந்தத் தங்கையைவிட ஒழுங்காக வீட்டுக்கு வரும் ஒருத்தியை மூளை அந்நியர் பட்டியலில் வைக்காது.

அதன் விலையை நடிகர்கள் தெருவில் கொடுத்தார்கள். 'ஆஸ் தி வேர்ல்ட் டர்ன்ஸ்' தொடரில் 1960 முதல் லிசா என்ற சூழ்ச்சிக்காரியாக நடித்த ஐலீன் ஃபுல்ட்டன், நியூயார்க் கடைத்தெருவில் ஒரு பெண் 'நீதானே லிசா' என்று கேட்டுத் தன்னை அடித்ததைச் சொல்லியிருக்கிறார். லாபத்தை விளம்பரக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். 1984இல், 'ஜெனரல் ஹாஸ்பிட்டல்' தொடரில் டாக்டராக வந்த கிறிஸ் ராபின்சன், தான் நிஜ டாக்டர் இல்லை, டிவியில்தான் டாக்டர் என்று ஒப்புக்கொண்டுவிட்டு விக்ஸ் இருமல் மருந்தைச் சிபாரிசு செய்தார். இரண்டு ஆண்டு கழித்து இன்னொரு சீரியல் டாக்டர் பீட்டர் பெர்க்மன் அதையே செய்தார். ஒருவர் தனக்குத் தகுதியில்லை என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லியும் விளம்பரம் எடுபடும் என்று கம்பெனி நம்பியது. அந்தத் துணிச்சலை ஹார்ட்டனும் வோலும் ரசித்திருப்பார்கள்.

நடிகரின் உடம்புக்கு நடப்பதைக் கதை மறைக்கவும் முடியாது. 'கைடிங் லைட்'டில் 1950இல் வானொலிக் காலத்திலேயே பெர்ட் பௌயராகச் சேர்ந்த சரிட்டா பௌயருக்கு, எண்பதுகளின் தொடக்கத்தில் நோயால் ஒரு காலை எடுக்க வேண்டி வந்தது. எழுத்தாளர்கள் பெர்ட்டுக்கும் ஒரு காலை எடுத்தார்கள். அவர் திரும்பி வந்து நடித்தார். 1984இல் ஜீன் கூப்பர் முகச்சுருக்கம் நீக்கும் அறுவை செய்துகொண்டபோது, 'தி யங் அண்ட் தி ரெஸ்ட்லெஸ்' தொடரில் அவர் நடித்த கேத்தரின் சான்ஸலரும் செய்துகொண்டாள். நிஜ அறுவையின் படமே சீரியலில் வந்தது. பில் ஹேய்ஸும் சூசன் சீஃபோர்த்தும் 'டேஸ் ஆஃப் அவர் லைவ்ஸ்' தொடரில் காதலர்களாக நடித்து, 1974இல் நிஜத்தில் கல்யாணம் செய்துகொண்டார்கள். கதையில் அவர்களுக்குக் கல்யாணம் ஆக 1976 ஆயிற்று. அந்த ஆண்டு ஜனவரியில் டைம் இதழின் அட்டையில் இருவரும் வந்தார்கள். இந்தத் தொடரை மாதக்கணக்கில் முன்கூட்டியே எடுத்து வைப்பது பிற்கால வழக்கம். இதில் நடித்த, ஜெனிஃபர் அனிஸ்டனின் தந்தை ஜான் அனிஸ்டன் 2022 நவம்பரில் இறந்தார். அவர் கடைசியாக நடித்த எபிசோட் டிசம்பர் இறுதியில் ஒளிபரப்பாயிற்று.

நடிகர்கள் நாட்காட்டிப்படி வயதாகிறார்கள், குழந்தைப் பாத்திரங்கள் அப்படி ஆவதில்லை. தொட்டில் குழந்தையால் காதல் கதை நகராது என்பதால், ஒரு விடுமுறைக்குப் பின் குழந்தை இளைஞராகத் திரும்பும். விக்டர் நியூமனின் மகள் விக்டோரியா 1982இல் பிறந்தாள். 1990இல் பதினைந்து வயது ஹெதர் டாம் அந்த வேடத்துக்கு வந்தார். 'இவருக்குப் பதில் இவர்' அட்டையைப் பார்த்துப் பழகிய நமக்கு இது பெரிய அதிர்ச்சியில்லை. பிள்ளைகள் இப்படித் தாவித் தாவி வளர்ந்தால் அம்மாக்கள் என்ன ஆவார்கள் என்று ஃபுல்ட்டன் கணக்குப் போட்டார். லிசாவைப் பாட்டியாக்கக் கூடாது என்று தன் ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்து கேட்டு வாங்கினார்.

ஒப்பந்தம் என்றதும் இந்தத் தொழிலின் இன்னொரு முகம் தெரிகிறது. வெளியிலிருந்து பார்த்தால் அரசு வேலை மாதிரி நிரந்தரம். உள்ளே, மூன்று ஆண்டு என்று எழுதிய தாளிலும் பதின்மூன்று வாரத்துக்கு ஒரு முறை கம்பெனி விரும்பினால் வெளியே அனுப்பலாம் என்ற ஏற்பாடு வழக்கம். நடிகருக்கு அதே உரிமை இருக்காது. வாரத்துக்கு இத்தனை எபிசோட் என்ற உத்தரவாதம் பெரிய நட்சத்திரத்துக்கு. மற்றவர்களுக்கு வந்த நாளுக்குக் கூலி. அதற்கும் கீழே ஐந்து வரிக்கு மேல் பேசாத நர்ஸ், வெயிட்டர் வேடங்களுக்குத் தனிச் சம்பளப் பட்டியல். தன் பாத்திரம் சாகப்போகிறதா என்பதைத் திரைக்கதைத் தாளில் படித்துத் தெரிந்துகொண்டவர்கள் உண்டு.

இதை ஏணியாகக் கொண்டு ஏறிப் போனவர்களின் பெயர்கள் எல்லாருக்கும் தெரியும்: மார்கன் ஃப்ரீமன், மெக் ரையன், டாமி லீ ஜோன்ஸ், கெவின் பேக்கன். இவர்களில் எனக்குப் பிடித்தவர் ஜூலியான் மூர். ஒரே ஜாடை கொண்ட இரண்டு சகோதரிகளாக, தன்னோடு தானே பேசும் வசனத்தையும் நெட்டுருப்போட்டு நடித்து 1988இல் டேடைம் எம்மி விருது வாங்கினார். தங்கியவர்களின் கணக்கு வேறு. சூசன் லூச்சி 1970 முதல் 2011 வரை எரிக்கா கேன் என்ற ஒரே பாத்திரமாக இருந்தார். பதினெட்டு முறை எம்மிக்குப் பெயர் போய்ப் பதினெட்டு முறையும் கைதட்டிவிட்டு வீடு திரும்பினார். பத்தொன்பதாவது முறை, 1999இல், அவர் பெயரை அறிவித்ததும் அரங்கம் எழுந்து நின்று உட்கார மறுத்தது.

1969-70இல் பத்தொன்பது பகல் சீரியல்கள் ஓடின. 2012இல் நான்கு. பெண்கள் வேலைக்குப் போனது, கேபிள் சேனல், 1995இல் மாதக்கணக்கில் நேரத்தைப் பிடித்துக்கொண்ட ஓ.ஜே. சிம்சன் வழக்கு என்று காரணங்களை அடுக்குவார்கள். 'டேஸ் ஆஃப் அவர் லைவ்ஸ்' 2022இல் பீகாக் இணையத் தளத்துக்குப் போய்விட்டது. 2025 பிப்ரவரியில் சிபிஎஸ் 'பியாண்ட் தி கேட்ஸ்' என்று ஒரு கறுப்பினக் குடும்பத்தின் கதையைத் தொடங்கியிருக்கிறது. பெரிய சேனல்களில் 1999க்குப் பிறகு வந்த முதல் புதுப் பகல் சீரியல் அது.

நோய்ஸ் தம்பதி பிறகு தங்கள் ஆய்வை முதியவர்களிடம் கொண்டுபோனார்கள். நான்கு வாரம் நடிப்புப் பயிற்சி, அதாவது வசனத்தின் நோக்கத்தைத் தேடி எதிரில் இருப்பவரிடம் மனதாரச் சொல்லும் பயிற்சி. அதைப் பெற்ற முதியவர்கள், பெறாதவர்களைவிட நினைவுச் சோதனைகளில் மேம்பட்டார்கள். இதைப் படிக்கும்போது ஹெலன் வாக்னரின் நினைவு வராமல் போகாது. 'ஆஸ் தி வேர்ல்ட் டர்ன்ஸ்' தொடரின் முதல் வசனத்தை 1956இல் பேசியவர், இடையில் சில இடைவெளிகளோடு, 2010இல் தொண்ணூற்றொரு வயதில் இறக்கும்வரை அதே நான்சியாக இருந்தார். பில் ஹேய்ஸ் தொண்ணூறைத் தாண்டியும் நடித்து, 2024இல் தொண்ணூற்றெட்டு வயதில் மறைந்தார். தினசரி மனப்பாடம்தான் இவர்களின் மூளையைக் காப்பாற்றியது என்று சொல்லத் தோன்றும். சொல்ல முடியாது. நினைவு கூர்மையாக இருந்தவர்கள்தான் தொண்ணூறு வயதுவரை செட்டில் நின்றிருப்பார்கள். நாற்பது வயதிலேயே வரி தடுமாறியவர்களைப் பதின்மூன்றாவது வாரம் வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள், அவர்கள் யாரும் நம் கணக்கில் வரவில்லை.